செலான் தேதியை வைத்து வரிசை முழுக்கச் சிவப்பாகணும், ஆனா கண்டபடி கலர் அடிக்குது

ஆம்பூர்_ஸ்டோர்ஸ்
லெதர் யூனிட் ஸ்டோர்ஸ் ஷீட், எக்ஸல். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுப் பக்கம் ஜாப் ஒர்க்குக்கு (வெளியே கொடுத்துச் செய்யும் வேலைக்கு) போன க்ரஸ்ட் (பதனிட்டு உலர்த்திய, இன்னும் ஃபினிஷிங் ஆகாத தோல்) லாட் கணக்கு. ஏ: செலான் (சரக்கோடு போகும் சீட்டு) எண், பி: ஜாப் ஒர்க்கர், சி: அனுப்பிய தேதி, டி: அனுப்பிய சதுர அடி, இ: திரும்பிய சதுர அடி, எஃப்: குறிப்பு. 300 நாள் தாண்டினால் வரிசை சிவப்பாகணும். ஏ2 முதல் எஃப்400 வரை செலக்ட் செய்து கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் (நிபந்தனை பார்த்துக் கலர் அடிக்கும் வசதி) போட்ட ஃபார்முலா (போன்ல தமிழ் கீபோர்டு, அதனால எழுத்தெல்லாம் தமிழ்ல):

=சி2+300<டுடே()

போன வாரம் போன செலானில் ஏ மட்டும் வெள்ளை, பி, சி சிவப்பு, டி சில வரிசையில் வெள்ளை. கீழே காலி வரிசை எல்லாம் சிவப்பு. நிஜமாகவே பழைய செலான் நாலைந்தில் ஏ கட்டம் வெள்ளையாவே நிக்குது.

காட்பாடி_ஷீட்
இதில் மூணு கோளாறு இருக்கு சார்.

முதல்ல டாலர். சி-க்கு முன்னால் $ இல்லாததால் ஒவ்வொரு கட்டமும் தனக்கு ரெண்டு கட்டம் வலப்பக்கம் பார்க்குது. ஏ பார்ப்பது சி-யை, அதனால் அது மட்டும் சரி. பி பார்ப்பது டி-யில் உள்ள சதுர அடியை. 1,200 அடியோட 300 கூட்டினால் 1,500. இன்றைய தேதி எக்ஸலுக்கு 45,000-க்கு மேல் போன ஒரு எண். 1,500 அதைவிடச் சின்னது, அதனால் சிவப்பு. டி பார்ப்பது குறிப்பை. அதில் எழுத்து இருந்தால் கூட்ட முடியாமல் பிழை வரும், பிழை வந்தால் கலர் அடிக்காது. $சி2 என்று போடுங்க. $சி$2 போட்டால் எல்லா வரிசையும் ரெண்டாவது வரிசையையே பார்க்கும். ரூல் பெட்டியில் இருந்தபடி கட்டத்தை க்ளிக் செய்தால் எக்ஸல் தானா $சி$2 என்றுதான் போடும். எஃப்4 கீயை ரெண்டு தட்டு தட்டினால் $சி2.

காலிக் கட்டம் எக்ஸலுக்கு 0. 0+300 எப்பவும் சின்னதுதான். அதனால் $சி2<>"" நிபந்தனை வேணும்.

பழைய செலான் வெள்ளையா நிற்பது தேதி எழுத்தாக உட்கார்ந்திருப்பதால். விண்டோஸ் அமெரிக்க முறையில் இருந்தால் 13/05 என்று அடித்ததை மாதம் 13 என்று நினைத்து எழுத்தாகவே விட்டுவிடும். அலைன்மென்ட் கை வைக்காத ஷீட்டில் இவை இடப்பக்கம் ஒட்டி நிற்கும். சி நெடுவரிசையை (காலம்) செலக்ட் செய்து டேட்டா, டெக்ஸ்ட் டு காலம்ஸ், மூணாவது படியில் டேட், டிஎம்ஒய் (நாள், மாதம், வருஷம்), ஃபினிஷ்.

ஆனா ஜூன் 5 என்று நினைத்து 5/6 அடித்தது மே 6 ஆக ஏற்கெனவே மாறியிருக்கும். அதை இந்த வழி திருத்தாது. நாள் 12-க்குள் உள்ள செலானை எல்லாம் காகிதத்தோடு ஒப்பிட்டே ஆகணும், வேற குறுக்கு வழி கிடையாது. இனிமேலாவது விண்டோஸ் ரீஜனை இந்தியாவுக்கு மாத்திடுங்க.

வாணியம்பாடி_ஜிஎஸ்டி
300 நாள் எங்கேர்ந்து வந்தது? ஜிஎஸ்டி சட்டம் 143-ஆம் பிரிவில் ஜாப் ஒர்க் சரக்கு திரும்ப 1 வருஷம் கெடு. தவறினால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு. அதனால் நாளை எண்ணாமல் மாதத்தை எண்ணுங்க.

இன்னொண்ணு, சதுர அடியை ஒப்பிடாதீங்க. ஃபினிஷிங் போய் வந்த தோல் அதே அளவு காட்டாது. டாகிளிங்கில் (கிளிப் மாட்டி இழுத்து உலர்த்துவது) இழுத்தால் கூடும், ட்ரிம்மிங்கில் (ஓரம் வெட்டுவது) குறையும். முழுசா வந்த லாட்டும் பாக்கியாத் தெரியும். டி, இ ரெண்டிலும் பீஸ் எண்ணிக்கை போடுங்க, சதுர அடிக்குத் தனிக் காலம்.

சிவப்பு (இடேட் என்பது தேதியோடு மாதத்தைக் கூட்டும்): =அண்ட்($சி2<>"",$இ2<$டி2,டுடே()>இடேட்($சி2,12))
மஞ்சள்: அதே ஃபார்முலாவில் கடைசியை டுடே()>=இடேட்($சி2,10) ஆக்குங்க.

மேனேஜ் ரூல்ஸில் சிவப்பு மேலே இருக்கணும். மேலே உள்ளதுதான் ஜெயிக்கும்.

ஆம்பூர்_ஸ்டோர்ஸ்
நன்றி சார். உங்க ஃபார்முலாவை வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சு, ஷீட்டில் ஆங்கில எழுத்துக்கு மாத்திப் போட்டேன். வாங்க மாட்டேங்குது.

காட்பாடி_ஷீட்
மேற்கோள் குறி வளைஞ்சு வந்திருக்கும். "" ரெண்டையும் அழிச்சிட்டு கீபோர்டில் நேரா அடிங்க. ரூல் பெட்டிக்குள் அம்புக்குறி கீயைத் தொடாதீங்க, வேற கட்டத்தின் பெயர் உள்ளே நுழையும். முதலில் எஃப்2 கீயைத் தட்டினால் கர்சர் மட்டும் நகரும்.

முதலில் ஃபார்முலாவை ஒரு காலிக் காலத்தில், ரெண்டாவது வரிசையில் போட்டுக் கீழே இழுத்துப் பாருங்க. ட்ரூ வரும் வரிசைதான் கலராகும். அங்கே தப்பு தெரிஞ்சா ரூலைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

ஆம்பூர்_ஸ்டோர்ஸ்
குறிதான் கோளாறு. இப்ப 2 வரிசை சிவப்பு, 7 மஞ்சள். ஒண்ணு மட்டும் தள்ளி அடிக்குது, சிவப்பு ஒரு வரிசை மேலே விழுது.

வாணியம்பாடி_ஜிஎஸ்டி
அந்த ரூலை ஏ1-லேர்ந்து செலக்ட் செய்து போட்டிருப்பீங்க. மேனேஜ் ரூல்ஸ், அப்ளைஸ் டூ பெட்டியில் (ரூல் எந்தக் கட்டங்களுக்கு என்று காட்டுவது) முதல் வரிசையும் ஃபார்முலாவின் வரிசையும் ஒண்ணா இருக்கணும். இப்படியே பெட்டியை மாத்தினால் ஃபார்முலாவும் சேர்ந்து நகரலாம், அதனால் ரூலை அழிச்சிட்டு ஏ2-லேர்ந்து புதுசாப் போடுவது சுலபம். வரிசையை காப்பி பேஸ்ட் செய்யும்போது பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் மட்டும் போடுங்க. இல்லேன்னா அப்ளைஸ் டூ துண்டு துண்டாகி ஒரே ரூல் பத்துத் தடவை நிற்கும்.