புதுப்பிப்பு: குன்னூரில் வயோலா வாசித்துப் பிழைக்க முடியுமா?

என் அக்கா மகள் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த சுருதியுள்ள தந்தி வாத்தியம்) வாசிப்பவள்; குன்னூரில் ஒரு சின்ன சேம்பர் இசைக் குழுவில் (சில பேர் மட்டும் சேர்ந்து மேற்கத்திய இசை வாசிக்கும் குழு) சேர நினைக்கிறாள், அதை நம்பி வாழலாமா என்று போன வருஷம் கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டாள். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கச்சேரிப் பணம் மட்டும் போதவில்லை. வீட்டு வாடகையே பள்ளிப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித் தந்து வரும் பணத்தில்தான் கட்டுகிறாள். அப்புறம் கல்யாண வரவேற்பு, கிறிஸ்துமஸுக்கு சர்ச். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1761இல் எஸ்தெர்ஹாசி பிரபு குடும்பத்தில் சேர்ந்து பல வருஷம் சம்பளம் வாங்கினார். அப்படி மாதச் சம்பளம் தருகிற இடம் இன்று அபூர்வம்.

ஆனால் வயோலா கைகொடுத்தது. நால்வர் குழுவுக்கு இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ (உட்கார்ந்து வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்) வேண்டும். வயலினுக்கு ஆள் கிடைத்துவிடுவார்கள், வயோலாவுக்குத்தான் அலைய வேண்டும். அதனால் கோவை, சென்னையிலிருந்தும் கூப்பிடுகிறார்கள்.

பெரிய தொல்லை ஐப்பசி மழைதான். ஈரம் ஏறி மரம் உப்பி, தந்தியை முறுக்கும் பிரடை அசைய மறுக்கிறது. பலமாகத் திருப்பினால் தந்தி அறுந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்தி, உலர்ந்த சோப்பு தடவிச் சரிசெய்கிறாள். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் எப்போதும் உண்டு.

இப்போது செல்லோ வாசிப்பவர் வெளியூர் போகிறார். கோவைப் பக்கம் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.