ரெட்ரோசிந்தசிஸ் (மூலக்கூறைத் தாளில் பின்னோக்கி வெட்டி, தயாரிக்கும் வழியைக் கண்டுபிடிப்பது) தெரிந்தவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா?

வணக்கம். நாங்கள் மூன்று பேர், கரிம வேதியியலில் பிஎச்.டி. செய்கிறோம். ஜெர்மனியின் மெர்க் நிறுவனம் நடத்தும் காம்பவுண்ட் சேலஞ்ச் போட்டிக்குத் தயாராகிறோம். ஒரு மூலக்கூறைக் கொடுப்பார்கள்; அதைத் தயாரிக்கும் வழியை 48 மணி நேரத்தில் வகுத்து அனுப்ப வேண்டும்.

டிரோபினோன் என்ற கரிம மூலக்கூறில் பயிற்சியைத் தொடங்கினோம். 1901-இல் வேதியியலாளர் வில்ஸ்டேட்டர் சைக்ளோஹெப்டனோனிலிருந்து படிப்படியாக ஏறிய நீண்ட வழி ஒரு தாளில். 1917-இல் ராபின்சன் சக்சினால்டிஹைடு, மெத்திலமின், அசிட்டோன் டைகார்பாக்சிலிக் அமிலத்தின் உப்பு மூன்றையும் ஒரே குடுவையில் சேர்த்து முடித்த வழி பக்கத்துத் தாளில். பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது!

சரி, இப்போது சிக்கல். அடுத்துப் பயிற்சிக்கு எடுத்த மூலக்கூறில் இரண்டு குவாட்டர்னரி கார்பன்கள் (நான்கு பிணைப்புகளும் வேறு கார்பன்களோடு உள்ளவை) ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. எங்கே வெட்டினாலும் நெருக்கடிதான். கிளெய்சன் மறுசீரமைப்பு (மூலக்கூறுக்குள்ளேயே பிணைப்புகள் இடம் மாறும் வினை) கைகொடுக்கும் என்பது என் எண்ணம். டீல்ஸ்-ஆல்டர் வினைதான் (இரண்டு பகுதிகள் சேர்ந்து வளையமாவது) சரி என்கிறான் நண்பன். தாளில் இரண்டுமே அழகாக வருகின்றன. குடுவையில் எது நடக்கும் என்று சொல்லும் அனுபவம் எங்களில் யாருக்கும் இல்லை.

பல படித் தொகுப்பைக் கையால் செய்தவர்கள், மருந்து நிறுவனங்களில் பிராசஸ் கெமிஸ்ட்ரி (பெரிய அளவில் தயாரிக்கும் வழியை வகுப்பது) பார்ப்பவர்கள் யாராவது இந்த ஞாயிறு மாலை இணையத்தில் எங்களோடு பேச முடியுமா? படங்களை முன்பே அனுப்பிவிடுகிறோம். அப்புறம், தொடக்கப் பொருளின் விலையை எந்தக் கட்டத்தில் கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். நேரமில்லை என்றால் கீழே இரண்டு வரி எழுதினாலும் போதும்.