புதுப்பிப்பு: குயின் ராக் இசைக்குழுவின் ‘39’ பாடலில் ஒரு வயது மட்டும் கூடுவது எப்படி?

உதவிய எல்லோருக்கும் நன்றி. பல ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறவனுக்கு ஒரு வயதுதான் கூடியிருக்கிறது என்ற வரி புரியவில்லை என்று கேட்டிருந்தேன். கடற்பயணம், வெறும் உருவகம் என்ற விளக்கங்கள் பொருந்தவில்லை. சிறப்புச் சார்பியலின் காலநீட்சியைப் (ஒளியின் வேகத்தை நெருங்கிப் பயணிப்பவருக்கு, பூமியில் இருப்பவர்களைவிடக் குறைவான காலமே கழியும் என்பது) பார்க்கச் சொன்ன யோசனைதான் சரி: இது விண்வெளிப் பயணம். 1975இல் வெளிவந்த இந்தப் பாடலை எழுதிய, குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே வானியற்பியல் படித்தவர். 2007இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

எதிர்பாராதது: கிளம்பும்போதும் ‘39’, திரும்பும்போதும் ‘39’; இது ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். அப்படியென்றால் குறைந்தது 100 ஆண்டு இடைவெளி. கணக்குப் போட்டேன். விண்கப்பலில் 1 ஆண்டு, பூமியில் 100 என்றால், வேகம் ஒளியின் வேகத்தில் 99.995 சதவீதம்!

அப்புறம், எதிரே நிற்கும் வாரிசின் கண்களில் அவள் அம்மாவின் கண்களைப் பார்க்கிற வரி. அவன் பூமியில் விட்டுவிட்டுப் போனவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது.