ஊழியத்துக்கு நாலு வருடப் படிப்பு அவசியமா? ஈரோடு, திருப்பூர், தாராபுரம் பக்கத்துச் சபையார் சொல்லுங்கள்

காவேரிக்கரை அக்கா (ஈரோடு):
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். என் தம்பிக்கு 27 வயது. பி.காம். முடித்துவிட்டுத் திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறான். ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம் என்று சபையிலேயே வளர்ந்தவன். இப்போது முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன் என்கிறான். எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆயர், "பேராயருக்கு விண்ணப்பம் கொடு, பரிந்துரை கிடைத்தால் மதுரை அரசரடி இறையியல் கல்லூரிக்குப் போய் நாலு வருடம் பி.டி. என்ற இறையியல் பட்டப்படிப்பு படி, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். அவன் போகிற ஜெபக்குழுத் தலைவரோ, "கர்த்தர் கூப்பிட்ட பிறகு காலேஜ் எதற்கு? நாலு வருடத்தில் ஒரு சபையையே எழுப்பிவிடலாம்" என்கிறார். அப்பா இல்லாத வீடு, அவன் சம்பளமும் வேண்டியிருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கட்டிங் மாஸ்டர் (திருப்பூர்):
அக்கா, நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டருங்க. வேலம்பாளையம் பக்கம் ஒரு வாடகை ஹாலில் சபை நடத்துகிறேன். சபையிலிருந்து சம்பளம் வாங்குவதில்லை.

எங்கள் ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் கைக்கு வரும். அன்றைக்கு ராத்திரிதான் எங்கள் சபைக்காரர் பாதிப் பேருடைய வீட்டில் சண்டை. அட்வான்ஸ் வாங்கிய கடன், குடி, ஓவர்டைம் பார்த்துப் பார்த்துப் படுத்துவிட்ட உடம்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஆளுக்கு என்ன பேச வேண்டும் என்பது, சனிக்கிழமை அவன் பக்கத்தில் நின்று வேலை செய்தவனுக்குத்தான் தெரியும். பவுல் கூடாரம் தைத்துக்கொண்டேதான் ஊழியம் செய்தார். பேதுருவையும் யோவானையும் படிப்பறியாதவர்கள் என்றுதான் ஆலோசனைச் சங்கமே சொன்னது, அப்போஸ்தலர் 4:13.

நம் நாட்டிலும் அப்படித்தான். தரங்கம்பாடியில் 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் ஒரு உபதேசியார், அதாவது சபையாருக்கு வேதம் சொல்லிக்கொடுத்தவர். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் வேதநாயகம் அசரியா 1912இல் அபிஷேகம் பெற்றபோது அவர் கையில் டிகிரி கிடையாது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படிப்பை முடிக்காமலே வெளியே வந்தவர். தம்பியை மதுரைக்கு அனுப்பாதீர்கள். இங்கேயே இருக்கட்டும்.

தாராபுரம் டீச்சர்:
மாஸ்டர் தம்பி, அசரியாவைப் பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் அதே அசரியா தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்குப் போய் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, கிராம ஊழியர்களுக்குப் பயிற்சிப் பள்ளி வைத்தது. ஊழியரோடு அவர் மனைவியையும் சேர்த்துப் படிக்க வைத்தார். டிகிரி இல்லாத பேராயரே படிப்பு வேண்டும் என்றுதான் நினைத்திருக்கிறார். கூடாரம் தைத்த பவுலும் கமாலியேலின் காலடியில் உட்கார்ந்து படித்தவர்தான்.

நான் ஏன் இதில் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு அம்மா, பல வருடமாகச் சர்க்கரை நோய். வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வீட்டுக் கூட்டத்துக்கு வந்தார். "சுகம் கிடைத்துவிட்டது, இன்னும் ஊசி போட்டால் அது அவிசுவாசம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலினை எடுத்து அந்த அம்மாவே குப்பையில் போட்டார். காலில் புண் வந்தது, யாரிடமும் காட்டவில்லை. காட்டினால் விசுவாசம் போய்விடும் என்று பயம். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. இன்றைக்கும் ஜன்னல் ஓரம் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பிரசங்கியார் மறுபடி எங்கள் ஊர்ப் பக்கம் வரவே இல்லை.

அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். "இதை எங்கிருந்து எடுத்தீர்கள், அந்த வசனம் யாருக்கு, எப்போது சொல்லப்பட்டது" என்று அவரை வாழ்நாளில் ஒருவரும் கேட்டதில்லை. நாலு வருடம் கூட இருப்பவர்களும் வாத்தியார்களும் அப்படிக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்குத்தான் காலேஜ்.

கட்டிங் மாஸ்டர் (திருப்பூர்):
டீச்சரம்மா, படிக்கவே மனசு பதறுகிறது. மருந்தை நிறுத்தச் சொல்கிறவன் எங்கள் ஹாலில் மைக் பிடிக்க முடியாது. ஆனால் அது ஒரு ஆளுடைய குற்றம், படிக்காததன் குற்றம் இல்லை. பட்டம் வாங்கியவர்கள் பதவிக்காகக் கோர்ட்டு வாசலில் நிற்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கேள்வி கேட்கிற ஆள் எங்கள் சபையிலும் உண்டு. நான் தப்பாகப் பேசினால் எங்கள் மூப்பர் ஒருவர், அயர்ன் மாஸ்டர், ஆராதனை முடிந்ததும் பிடித்துக்கொள்வார். அலெக்சாந்திரியாவில் பிறந்து வேதத்தில் வல்லவராக இருந்த பிரசங்கி அப்பொல்லோவுக்கே வழியைத் திருத்தமாகச் சொல்லிக்கொடுத்தது ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற கூடாரத் தொழிலாளிகள்தானே?

காவி உடுத்தி ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்த சாது சுந்தர்சிங்கும் லாகூர் இறையியல் கல்லூரியில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு விட்டு வந்தவர். அவர் முடித்திருந்தால் நமக்கு ஒரு ஆயர் கூடியிருப்பார், சாது கிடைத்திருக்கமாட்டார்.

தாராபுரம் டீச்சர்:
சுந்தர்சிங்கை எடுத்ததால் சொல்கிறேன். அவரைப் பற்றி 1921இல் ஆக்ஸ்போர்டு அறிஞர் ஸ்ட்ரீட்டரோடு சேர்ந்து புத்தகம் எழுதியவர் ஏ.ஜே. அப்பாசாமி. பாளையங்கோட்டையில் பிறந்து, அமெரிக்காவிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்து, பக்தி மார்க்கத்தின் வழியாகக் கிறிஸ்தவத்தைப் புரிந்துகொள்ளலாம் என்று எழுதியவர். 1950இல் நம் கோயம்புத்தூர்த் திருமண்டலத்தின் முதல் பேராயராக வந்தவரும் அவர்தான். ரேஸ்கோர்ஸில் அவர் பெயரில் இருக்கும் கல்லூரியைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நம் மண்ணில் ஆழ்வார், நாயன்மார் பாட்டைக் கேட்டு வளர்ந்த ஜனங்களுக்கு எப்படிப் பேசுவது என்று ஒருவர் அத்தனை வருடம் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு வேதத்தைத் திறக்கிறவருக்கு அந்த அவகாசம் எங்கே கிடைக்கும்?

கோபி பக்கத்து உதவி ஆயர்:
நான் பி.டி. முடித்தவன், அதனால் உள்ளேயிருந்து சொல்கிறேன். பலர் இதை பைபிள் ஸ்கூல் போல நினைக்கிறார்கள். பட்டம் தருவது வங்காளத்திலுள்ள செராம்பூர். கேரி, மார்ஷ்மேன், வார்டு என்ற மிஷனரிகள் 1818இல் ஆரம்பித்த கல்லூரி. பட்டம் தரும் உரிமைக்கு 1827இல் டென்மார்க் ராஜாவின் சாசனம், 1918இல் வங்காளச் சட்டம். நாடு முழுக்கப் பல இறையியல் கல்லூரிகள் அதன் செனட் என்ற கல்விக் குழுவோடு இணைந்தவை. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, கிரேக்கம் அல்லது எபிரேயம், சபை வரலாறு, இறையியல், பிற சமயங்கள், ஆற்றுப்படுத்துதல் எல்லாம் உண்டு. அரசரடியில் இதைத் தமிழிலேயே படிக்கலாம். எங்கள் தெருப் பையன்களுக்கு அது பெரிய கதவு. நான் அருந்ததியர் தெருவில் பிறந்தவன். ஒரு காலத்தில் என்னைத் திண்ணையில் உட்காரச் சொல்லாத வீட்டில் இன்றைக்கு ஜெபம் பண்ணப் போகிறேன். படிப்பால் சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்லவரவில்லை. ஆனால் எனக்கு நிற்க ஒரு இடம் கொடுத்தது.

படிப்பு எங்கே கை கொடுத்தது என்றால், அந்தியூர்ப் பக்கம் ஒரு சாவு வீட்டில். நான் போய்ச் சேர்ந்த புதிது. கடன் தொல்லையில் ஒரு தறிக்காரர் தற்கொலை செய்துகொண்டார். கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை, மணி அடிக்கக் கூடாது என்று சபைப் பெரியவர்கள் சிலர் சொல்லிவிட்டார்கள். அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, எம்பையன் நரகத்துக்குத்தான் போவானுங்களா?" என்று கேட்டார். அந்தப் பழக்கம் சபைக்குள் எப்போது, யாரால் வந்தது என்று வகுப்பில் ஒரு பருவம் முழுக்க வாதாடியிருந்தோம். இஸ்ரவேலின் முதல் ராஜா சவுல் தன் பட்டயத்தின் மேல் விழுந்து செத்தபோது, கீலேயாத்திலிருந்த யாபேசின் மனிதர் ராத்திரி முழுக்க நடந்துபோய் உடலை எடுத்துவந்து, எலும்புகளை மரத்தடியில் அடக்கம் செய்து ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். அவர்களைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக என்று தாவீது ஆள் அனுப்பிச் சொன்னார். அந்த இரண்டு பகுதியையும் அந்த வீட்டு வாசலில் நின்று வாசித்தேன். பெரியவர்கள் ஒன்றும் பேசவில்லை. மணி அடித்தது. தோட்டத்தில்தான் அடக்கம் செய்தோம்.

காலேஜ் சொல்லித்தராததையும் சொல்லிவிடுகிறேன். கணக்குப் புத்தகம், கோயில் நிலத்துப் பட்டா, சபைக் கமிட்டிச் சண்டை, இவையெல்லாம் இங்கே வந்துதான் கற்றேன். இந்தி சுத்தமாகத் தெரியாது. ஒடிசாவிலிருந்து வந்த விசுவாசிகள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நான் பேசுவது ஒன்றும் புரியாமல் எழுந்து போகிறார்கள். அது எனக்குப் பெரிய பாரம்.

கட்டிங் மாஸ்டர் (திருப்பூர்):
ஆயரய்யா, அந்த வாசலில் நீங்கள் நின்றதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். ஆனால் யாபேசின் மனிதர் கதை என் பைபிளிலும் இருக்கிறது. அந்த அம்மாவுடைய கண்ணீர்தான் உங்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோயிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

கோபி பக்கத்து உதவி ஆயர்:
இருக்கலாம் அண்ணா. ஆனால் அந்தப் பகுதியைச் சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை வாசித்தும் அடக்கம் செய்தவர்களை நான் கவனித்ததே இல்லை, சவுலைத்தான் பார்த்தேன். ஒரு வாத்தியார் காட்டித்தான் தெரிந்தது. அந்த வீட்டில் எனக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. ஏற்கெனவே தெரிந்திருந்ததுதான் வாயில் வந்தது.

கருமத்தம்பட்டிக்காரன்:
கத்தோலிக்கன் நான், நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் மெய்யியல் இரண்டு வருடம், இறையியல் நாலு வருடம், குறைந்தது ஆறு வருடம் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. கோவையிலேயே நல்லாயன் குருமடம் இருக்கிறது. படிக்க வேண்டுமா என்ற கேள்வியே எழுவதில்லை. படிக்கும் காலத்தில் ஜனங்களோடு இருக்க விடுகிறார்களா என்பதைத்தான் நாங்கள் கேட்போம்.

மேட்டுப்பாளையம் ரூத்:
மாஸ்டர் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. உங்கள் வழியில் ஒரு பெண் எப்படிப் போதகராவாள்? ஹால் சபைகளில் பாஸ்டரம்மா இருக்கிறார், அவர் பாடுவார், பெண்கள் கூட்டம் நடத்துவார், அத்தோடு சரி. சி.எஸ்.ஐ.யில் 1976 முதல் பெண்களுக்கும் குருப்பட்டம் கொடுக்கிறார்கள். நான் பி.டி. மூன்றாம் வருடம். அழைப்பு எனக்கும் இருக்கிறது என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். பரீட்சை எழுதித் தேறிய பிறகு சிரிக்க முடியாது. அழைப்பை மட்டும் வைத்து ஆளை எடுத்தால், யாருடைய அழைப்பை நம்புவது என்பதை ஆண்கள்தான் முடிவு செய்வார்கள்.

கட்டிங் மாஸ்டர் (திருப்பூர்):
தங்கச்சி, இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. மூப்பர்களோடு பேசுகிறேன். பிரிஸ்கில்லாளை நானே மேலே எழுதியிருக்கிறேன்.

காவேரிக்கரை அக்கா (ஈரோடு):
எல்லோருக்கும் நன்றிங்க. தம்பியும் வாசித்தான். சாவு வீட்டுப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான். வேலையை உடனே விடாமல் ஏதாவது படிக்க வழி உண்டா?

கோபி பக்கத்து உதவி ஆயர்:
உண்டு அக்கா. செராம்பூரின் விரிவாக்கப் பிரிவு வேலையில் இருக்கும் விசுவாசிகளுக்கென்று பி.சி.எஸ். என்ற கிறிஸ்தவக் கல்விப் பட்டப்படிப்பு நடத்துகிறது, வீட்டிலிருந்தே படிக்கலாம். வீட்டிலிருந்தே இறையியல் படிக்க வைக்கும் பெங்களூர் டாப்டி அமைப்பிலும் இந்திய மொழிகளில் பாடங்கள் உண்டு. குருப்பட்டத்துக்கு எங்கள் பக்கம் கேட்பது பி.டி.தான். ஆனாலும் இதைப் படித்துப் பார்த்தால், புத்தகத்தோடு உட்காரும் பொறுமை தனக்கு இருக்கிறதா என்று அவருக்கே தெரிந்துவிடும். பரிந்துரை கிடைத்தால் கல்லூரிச் செலவு பற்றித் திருமண்டல அலுவலகத்திலேயே கேளுங்கள். வீட்டுக்குச் சம்பளம் நிற்பதையும் மறைக்காமல் பேராயரிடம் சொல்லுங்கள்.

கட்டிங் மாஸ்டர் (திருப்பூர்):
தம்பி திருப்பூரில்தானே வேலை. சனிக்கிழமை சம்பளம் போட்ட பிறகு என்னோடு வரட்டும். தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போவோம், பத்துப் பதினோரு மணி ஆகும். ஒரு வருடம் அப்படி வந்த பிறகும் மதுரைக்குத்தான் போவேன் என்றால் நானே பஸ் ஏற்றிவிடுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். படித்து முடித்த பிறகு இவரை எங்கே போடுவார்கள்? பனியன் கம்பெனி ஏரியாவுக்கா, டவுன் பெரிய கோயிலுக்கா?

தாராபுரம் டீச்சர்:
டவுன் கோயிலுக்குத்தான் முதலில் கேட்பார்கள், அது உண்மை. வருகிற சபைக் கமிட்டியில் நான் இதை எழுதியே கொடுக்கப்போகிறேன்: முதல் இரண்டு வருடம் தறி, பனியன் தொழிலாளர் இருக்கும் சபைக்குத்தான் போட வேண்டும், இந்தி கற்க ஏற்பாடு செய்ய வேண்டும். மாஸ்டர் தம்பி, லைன் வீடுகளில் என்னென்ன தேவை என்று நீங்கள் ஒரு பக்கம் எழுதி இங்கேயே போடுங்கள், அதையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.