வீட்டில் செய்த ஐதரசன் கருவி: பெற்றோல் குறையவில்லை, பியூஸ் உருகுகிறது

கோண்டாவில் ஹயர்:

வணக்கம். என்னிடம் இருப்பது 110 கொரொல்லா, 1500 சிசி பெற்றோல் என்ஜின். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து ஹயர் ஓடுகிறேன். போதனா வைத்தியசாலை, பலாலி விமான நிலையம், இடைக்கிடை கட்டுநாயக்கா. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா ஆனதும், பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டிக் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து வாங்கியதும் என் தொழிலின் இடுப்பை முறித்துவிட்டன. அப்படி ஒரு காலம் திரும்பி வந்தால் தாக்குப்பிடிக்க வேண்டும் என்றுதான் தண்ணீரிலிருந்து ஐதரசன் எடுத்து என்ஜினுக்குக் கொடுக்கும் கருவியை நானே செய்தேன்.

செய்த விதத்தைச் சொல்கிறேன். 316 இலக்கத் துருப்பிடிக்காத உருக்குத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் றப்பர் வளையம், இரு பக்கமும் தடித்த அக்கிரிலிக் பலகை. நேர்முனைத் தகட்டுக்கும் எதிர்முனைத் தகட்டுக்கும் இடையில் கம்பி தொடாத தகடுகள் நான்கு. காய்ச்சி வடித்த தண்ணீரில் கோஸ்ரிக் சோடாவைக் கரைத்து, அம்பியர் மீற்றர் 20 காட்டும்வரை கூட்டினேன். வாயு ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குள் குமிழியாகப் போய், அங்கிருந்து குழாய் வழியாக, என்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திரொட்டிலுக்குப் பின்னால் காற்றுப் பாதையில் சேர்கிறது. சாவியைத் திருப்பினால் மின் போகும். இடையில் 30 அம்பியர் பியூஸ். தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்த ஒரு லீற்றர் சோடாப் போத்தல் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் வாயுவால் நிறைகிறது. ஆகவே கருவி வேலை செய்கிறது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரி வரும்போது பெட்டி கைவைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கிறது. 20 அம்பியர் 30 ஆகிறது, பியூஸ் உருகிவிடுகிறது. உள்ளே இருந்த தெளிந்த தண்ணீர் பால் விடாத தேநீரின் நிறத்துக்கு வந்து நுரைக்கிறது. குழாய் சேரும் இடத்தில் வெள்ளைப் பொருக்கு படிகிறது. நின்ற இடத்தில் என்ஜின் முன்பைவிட வேகமாகச் சுற்றுகிறது, எச்சரிக்கை விளக்கும் எரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடிய கார் இப்போது 11தான் ஓடுகிறது. எங்கே திருத்தவேண்டும் என்று விளங்கியவர்கள் சொல்லுங்கள்.

வவுனியா வான்:

அண்ணை, மனதைத் தளரவிடாதீர்கள். என் டீசல் வானில் இதே மாதிரி ஒன்று பூட்டியிருக்கிறேன். என்ஜின் சத்தம் மென்மையாகிவிட்டது, புகையும் குறைவு. மின்னைத் துண்டு துண்டாக விடும் பிடபிள்யூஎம் கட்டுப்படுத்தி ஒன்றைப் பூட்டினால் 20 அம்பியருக்கு மேல் ஏறாது. பெற்றோல் கார் என்றால், புகையில் உள்ள ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் சென்சருக்கும் காரின் கணினிக்கும் இடையில் பூட்டும் சிறிய பெட்டி ஒன்றும் வேண்டும். அது இல்லாவிட்டால் காரின் கணினி மிச்சம் பிடிக்க விடாது. ஐதரசன் சேர்த்தால் என்ஜின் நன்றாக ஓடும் என்று நாசாவே ஆராய்ந்து சொல்லியிருக்கிறது.

கொக்குவில் மின்வேலை:

தம்பி, நான் வாகன மின்வேலை செய்கிறவன். நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

சூட்டுக்குக் காரணம் தகட்டுக் கணக்கு. நான்கு நடுத்தகடு என்றால் ஐந்து இடைவெளி. என்ஜின் ஓடும்போது வருகிற 13.8 வோல்ற்றை ஐந்தால் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 2.76. தண்ணீரைப் பிரிக்க ஓர் இடைவெளிக்கு ஏறக்குறைய 2 வோல்ற் போதும், மிஞ்சுவது சூடாகிறது. கோஸ்ரிக் கரைசல் சூடாகச் சூடாக மின்னை இன்னும் இலகுவாகக் கடத்தும், அதனால் அம்பியர் ஏறும், அதனால் மேலும் சூடாகும். பியூஸ் தன் கடமையைச் செய்கிறது, அதைப் பெரிதாக்க வேண்டாம். இன்னொரு நடுத்தகடு போட்டுக் கோஸ்ரிக்கைக் குறைத்தால் பெட்டி குளிரும். வெள்ளைப் பொருக்கு, நுரையோடு ஏறி வந்த கோஸ்ரிக். அது அலுமினியத்தை அரிக்கும். உங்கள் திரொட்டில் உடலும் அலுமினியம். நின்ற இடத்தில் வேகமாகச் சுற்றுவது, குழாய் மூட்டுகள் வழியே வெளிக்காற்று உள்ளே போவதால். காற்றுக் கூடினால் கணினி பெற்றோலையும் கூட்டும்.

இவை எல்லாவற்றையும் திருத்தலாம். திருத்தினாலும் பெற்றோல் மிஞ்சாது. அதை மறைத்துவிட்டு உங்களுக்குத் தகடு பூட்டச் சொல்லித்தர எனக்கு மனம் வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். 13.8 வோல்ற், 20 அம்பியர்: 276 வாற். என்ஜின் சுற்ற மின் தரும் அல்ரனேற்றர், வாங்கும் சக்தியில் பாதிக்குச் சற்று மேலேதான் மின்னாகத் தரும். ஆகவே பெல்ற் வழியாக என்ஜின் கொடுப்பது சுமார் 500 வாற். உங்கள் ஒரு லீற்றர் வாயுவில் மூன்றில் இரண்டு பங்கு ஐதரசன். அதை எரித்தால் வருவது 110 வாற் அளவு வெப்பம். பெற்றோல் என்ஜின் வெப்பத்தில் கால்வாசியைத்தான் சில்லுக்குக் கொடுக்கும், அதாவது 30 வாற்றுக்கும் குறைவு. 500 கொடுத்து 30 வாங்குகிறீர்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் உங்கள் என்ஜின் நிமிடத்துக்கு 700 லீற்றருக்கு மேல் காற்றை இழுக்கிறது. அதற்குள் முக்கால் லீற்றர்கூட இல்லாத ஐதரசன் எரிதலை மாற்றிவிடும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது இந்தக் குடாநாட்டில் மொறிஸ் மைனரும் ஏ40 ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். புகை கண்ணை எரிக்கும், என்ஜின் ஒயில் மண்ணெண்ணெய் கலந்து மெலிந்துபோகும், ஆனாலும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அந்த மெக்கானிக்மாரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அவர்களால் முடிந்ததற்குக் காரணம், மண்ணெண்ணெய்க்குள் பெற்றோலுக்கு நிகரான சக்தி இருந்தது. தண்ணீர் என்பது ஏற்கனவே எரிந்து முடிந்த ஐதரசன். அதைத் திரும்பப் பிரிக்கும் சக்தியை உங்கள் பெற்றோல் தாங்கிதான் கொடுக்கிறது.

வவுனியாத் தம்பி சொன்ன சென்சர் பெட்டியைப் பூட்ட வேண்டாம். அது கணினிக்குப் பொய்யான அளவைக் காட்டிப் பெற்றோலைக் குறைக்கும். மெலிந்த கலவையில் ஆளும் சாமானுமாக ஓடினால் இழுவை போகும், என்ஜின் விக்கும், எரியாத பெற்றோல் சைலன்சர் வழியில் புகையின் நச்சைக் குறைக்கும் கற்றலிற்றிக் கட்டியைக் கெடுக்கும்.

ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். சாவியிலிருந்து நேராகப் போகும் அந்தக் கம்பியைக் கழற்றுங்கள். என்ஜின் நின்று சாவி திறந்திருந்தால் வாயு போகவழியின்றிச் சேரும். ஐதரசன் காற்றில் 4 வீதம் முதல் 75 வீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் தீப்பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாத பொறி போதும். சோடாப் போத்தலில் வாயு பிடித்துப் பார்ப்பதையும் விட்டுவிடுங்கள். அதில் ஐதரசனும் ஒட்சிசனும் வெடிப்பதற்குச் சரியான விகிதத்திலேயே கலந்து இருக்கின்றன.

கோண்டாவில் ஹயர்:

அண்ணை, கம்பியைக் கழற்றிவிட்டேன். ஆனால் ஒரு கேள்வி நெஞ்சுக்குள் நிற்கிறது. நான் கருவி பூட்டினாலும் பூட்டாவிட்டாலும் அல்ரனேற்றர் சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது? சும்மா சுற்றுகிறதிலிருந்து கொஞ்சம் மின் எடுத்தால் பெற்றோல் எப்படிக் கூடும்?

கொக்குவில் மின்வேலை:

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கவேண்டும் தம்பி. தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்னில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். வானொலி மட்டும் என்றால் சிறுபிள்ளையும் சுற்றும், அதே டைனமோவில் விளக்கையும் சேர்த்தால் கை கனக்கும். அல்ரனேற்றரும் அப்படித்தான். சுற்றுவது இலகு, மின் எடுத்தால் கனக்கும்.

உங்கள் காரிலேயே பார்க்கலாம். இரவில் முற்றத்தில் என்ஜினை ஓடவிட்டு, பொனற்றைத் திறந்து பக்கத்தில் நில்லுங்கள். உள்ளே ஒருவரை இருத்தி முன்விளக்கையும் பின்கண்ணாடிச் சூடாக்கியையும் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள். என்ஜின் ஒலி ஒரு கணம் தாழ்ந்து எழும். அந்த எழுச்சி, கணினி கூடுதலாகத் திறந்துவிட்ட காற்றும் பெற்றோலும்.

இனி உண்மையில் மிச்சம் பிடிக்கும் வழி. ஒரே நிரப்பு நிலையத்தில், ஒரே பம்பில், தாங்கியை நிரப்பி ஓடி மீண்டும் நிரப்பி அளவுங்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு நான்கு சில்லின் நடுப்பகுதியையும் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்தபடி நிற்கிறது. பலாலியில் ஆளை இறக்கியபின் கூரையில் உள்ள சாமான் தட்டைக் கழற்றி வையுங்கள். ரயர்க் காற்று, பிளக், எயார் பில்ரர் உங்களுக்கே தெரியும். முக்கியமாக, என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் மறிக்கும் தேர்மோஸ்ரற் இருக்கிறதா என்று பாருங்கள். நமது வெயிலுக்கு அது தேவையில்லை என்று கழற்றி எறியும் பழக்கம் கராஜ்களில் நெடுநாளாக இருக்கிறது. அது இல்லாவிட்டால் என்ஜின் உரிய சூட்டுக்கு வர வெகுநேரம் எடுக்கும், கணினி குளிர் என்ஜின் என்று நினைத்துப் பெற்றோலை அள்ளிக் கொடுக்கும்.

சாவகச்சேரி இரசாயனவியல் ஆசிரியை:

அந்தத் தேநீர் நிறத் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். துருப்பிடிக்காத உருக்கில் இரும்பு, குரோமியம், நிக்கல் இருக்கின்றன. கூடிய சூட்டிலும் கூடிய மின்னிலும் நேர்முனைத் தகடு கரைகிறது. மண்ணிறச் சேறு இரும்பு. சேறு அடங்கியபின் மேலே மஞ்சள் சாயல் தெரிந்தால் அது குரோமேற்று, அறு வலுவுள்ள குரோமியம். புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு.

தயவுசெய்து அதை வளவுக்குள் ஊற்றாதீர்கள். நமது மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்துமாக இருக்கும் அந்தக் கல்லுக்குள் ஊற்றியது உங்கள் கிணற்றோடு நிற்காது, அயலவர் கிணற்றுக்கும் போகும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது சனங்கள் குடிதண்ணீருக்குப் பட்ட பாட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கையுறையும் கண்ணாடியும் போட்டு, தடித்த பிளாஸ்ரிக் கானில் ஊற்றி, இறுக மூடி, நஞ்சு என்று எழுதிப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக இரசாயனவியல் துறையில் எப்படி அழிப்பது என்று கேளுங்கள். தகடுகளை அரத்தால் தேய்க்க வேண்டாம், அந்தத் தூளும் நஞ்சு.

வவுனியாத் தம்பிக்கு: நாசா அறிக்கை 1977 இல் வந்தது, உண்மை. அந்த ஐதரசன் சிலிண்டரில் அடைத்து வந்தது, அல்லது மெதனோலிலிருந்து எடுக்கப்பட்டது, அல்ரனேற்றர் மின்னில் தண்ணீரைப் பிரித்து அல்ல. மெலிந்த கலவையிலும் என்ஜின் விக்காமல் ஓடுமா, புகையில் நச்சு வாயு குறையுமா என்பதே அவர்களின் ஆய்வு. தண்ணீரில் கார் ஓட்டுவதாகச் சொன்ன ஸ்ரான்லி மேயர் என்ற அமெரிக்கரை, 1996 இல் ஒஹையோ நீதிமன்றம் மோசடி செய்தவர் என்று தீர்த்து, முதலீட்டாளர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அறிக்கையின் பெயரைச் சொல்லிக் கருவி விற்பவர்களிடம், அதில் ஐதரசன் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

கோண்டாவில் ஹயர்:

ரீச்சர், நன்றி. தண்ணீரைக் கானில் அடைத்துப் பூட்டிய அறைக்குள் வைத்துவிட்டேன், திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் கேட்பேன். அண்ணை, பெட்டியைக் கழற்றியாயிற்று. தேர்மோஸ்ரற் கூட்டைத் திறந்து பார்த்தேன், உள்ளே ஒன்றுமே இல்லை. எனக்கு முன்பு வைத்திருந்தவர் காலத்தில் எடுத்திருக்கிறார்கள். கருவியின் குழாய்க்குத் துளைத்த இடத்தை என்ன செய்வது? புதிதாகப் போடும் தேர்மோஸ்ரற் எந்தச் சூட்டுக்குரியது?

கொக்குவில் மின்வேலை:

துளையை ரேப் சுற்றி விடாதீர்கள், வெற்றிடம் இழுத்துவிடும். மரையிட்டு, செம்பு வளையம் வைத்த போல்ற் ஒன்றை இறுக்குங்கள். திரொட்டிலைக் கழற்றி, பொருக்கை ஈரத்துணியால் பலமுறை துடைத்து, உலரவிட்டுப் பூட்டுங்கள். உங்கள் என்ஜினுக்கு 82 பாகையில் திறப்பதைக் கேட்டு வாங்குங்கள், றப்பர் வளையமும் புதிதாகப் போடவேண்டும். தண்ணீர் நிரப்பும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்தபடி என்ஜினைச் சூடாக்கி உள்காற்றை வெளியேற்றுங்கள். பற்றரிக் கம்பியைச் சிறிது நேரம் கழற்றிப் பூட்டினால் கணினி புதிதாகப் பழகும். அதன் பிறகும் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஒட்சிசன் சென்சரை அளந்து பார்ப்போம், காரைக் கொண்டுவாருங்கள்.