கொழுந்து முதல் தூள் வரை: நீலகிரியில் படக்கதை எடுப்பவர்களுக்கு

கோத்தகிரிக்காரர்:
பனிமூட்டமும் தேயிலைச் சரிவும் அழகுதான், ஆனால் அதில் கதை இல்லை. பத்திரிகை ஆசிரியர் தேடுவது ஒரு வேலையின் தொடக்கமும் போக்கும் முடிவும். கொழுந்தைப் பின்தொடருங்கள்: பகலில் பறிப்பு, எடை, இரவு முழுக்க ஃபேக்டரியில் வாடல், மறுநாள் தூள்.

பறிக்கிற கை வேகமாக ஓடும். ஷட்டர் வேகம் 1/500 நொடி வையுங்கள்; 1/125-இல் விரல்கள் கலங்கிவிடும். மூடுபனியைக் கேமரா தானாக அளந்தால் வெள்ளை சாம்பலாகிவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். டெலி லென்ஸை மூட்டை கட்டி வையுங்கள். தூரத்திலிருந்து எடுத்தால் ஆட்கள் வெறும் வண்ணப் புள்ளிகள்தான். 35 மி.மீ. லென்ஸ் போட்டு நிரைக்குள் இறங்குங்கள், அதுவும் மேஸ்திரியிடமும் பறிக்கிற அக்காக்களிடமும் கேட்டுவிட்டு. எடை போடும் இடத்தில் குறுக்கே நிற்கவே கூடாது. அது அவர்கள் கூலி.

குன்னூர் வாசி:
ஃபேக்டரியில்தான் பலரும் கோட்டைவிடுவது. வெளிக்குளிரில் இருந்த கேமராவோடு, இலையைச் சூட்டில் உலர்த்தும் டிரையர் பக்கம் போனால் லென்ஸ் முழுக்க நீர் படியும். வெளியிலேயே ஜிப் கவரில் போட்டுக் காற்றில்லாமல் மூடி, உள்ளே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறங்கள். துடைப்பது வீண், மறுபடி படியும். உள்ளே லென்ஸ் மாற்றினால் தேயிலைப் பஞ்சு சென்சாரில் ஒட்டும்.

டியூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மினுங்கும். 1/100 அல்லது 1/50 வைத்தால் தப்பிக்கலாம். 1/500 போனால் படத்தில் பட்டை பட்டையாக விழும். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) ஆட்டோவில் விடாதீர்கள்: பச்சை இலை செம்பு நிறத்துக்கு மாறுவதுதான் இங்கே கதையே, கேமரா அதைச் 'சரிசெய்து' கெடுத்துவிடும். சலிக்கிற இடத்தில் ஃபிளாஷ் அடித்தால் தூசி வெள்ளைப் புள்ளியாகக் கொட்டும். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. உருளைப் பக்கம் போகும்போது கேமரா வாரைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள், தொங்கவிடாதீர்கள்.

மஞ்சூர்க்காரர்:
படத்துக்குச் செலவழிக்கும் கவனத்தில் பாதியாவது கேப்ஷனுக்கு வேண்டும். 'நீலகிரித் தேயிலைத் தொழிலாளி' என்று எழுதினால் எதுவும் சொன்னதாகாது. டான்டீ (தமிழக அரசின் தேயிலை நிறுவனம்) தோட்டத்தில் பறிப்பவர் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பமாக இருக்கலாம். பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) சொந்த நிலத்தில் பறிப்பவர் படுகர் சிறு விவசாயியாக இருக்கலாம். இருவர் கையிலும் ஒரே கொழுந்து, படம் வித்தியாசம் காட்டாது. ஊகித்து எழுதாமல் கேளுங்கள். பெயர் (அவர் சொல்லும் எழுத்தில்), ஊர், தேதி, என்ன வேலை, பெயர் போடச் சம்மதமா என்பதை அங்கேயே நோட்டில் குறித்து, அன்றிரவே ஃபைலில் ஏற்றிவிடுங்கள். மறுநாள் முகமும் பெயரும் மாறிப்போகும்.

கேத்தியிலிருந்து:
இந்தக் கதையில் மலை ரயிலைச் சேர்க்கலாமா?

கோத்தகிரிக்காரர்:
வேண்டாம். தூள் இன்று லாரியில்தான் இறங்குகிறது. ரயில் வேண்டுமென்றால் தனிக்கதையாகச் செய்யுங்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கல்லாறு–குன்னூர் பல்சக்கரப் பாதையில் மேலேறும்போது என்ஜின் பின்னாலிருந்து தள்ளும். முன்னால் காத்திருந்தால் வருவது பெட்டியும் கொடி பிடித்த பிரேக்ஸ்மேனும்தான். நீராவிதான் வேண்டுமென்றால் வளைவின் கீழ்ப்பக்கம் பாருங்கள், தண்டவாளத்தில் கால் வைக்காமல்.

தேயிலைக்கு 10 படம் போதும். ஒரே சேதியைச் சொல்லும் இரண்டு இருந்தால், அழகானதை விட்டுவிட்டு வேலை தெரிவதை அனுப்புங்கள்.