கொரோலா 121க்கு ஹொண்டா ஃபிட் அலோய் போடலாமா?

கல்லடி 121:
வீட்டில் ஒரு கொரோலா 121 நிற்கிறது, 14 இன்ச் இரும்பு ரிம், 175/70 ஆர்14 டயர். ஏறாவூரில் ஒருவர் ஹொண்டா ஃபிட்டில் கழற்றிய ஒரிஜினல் 15 இன்ச் அலோய் நாலையும் 185/55 டயரோடு தருகிறேன் என்கிறார், பார்க்க நல்ல வடிவு. டயர் கடையில் "பூட்டிக்கொண்டு போங்க" என்றார்கள். மாமாவோ ஹொண்டா சில்லு டொயோட்டாவுக்கு ஆகவே ஆகாது, கல்லடிப் பாலத்திலேயே கழன்று வாவிக்குள் போகும் என்று நிற்கிறார். யார் சொல்வது சரி?

லேத் காக்கா:
மாமா பயப்பட ஒன்றுமில்லை. இரண்டும் 4×100 தான், நாலு ஸ்டட்டும் (நட் ஏறும் தண்டுகள்) 100 மில்லிமீட்டர் வட்டத்தில் நிற்கும். ஸ்டட்டின் திருகுப் புரியும் ஒன்றுதான், 12 மி.மீ., 1.5 பிட்ச், அதாவது புரிக்குப் புரி இடைவெளி 1.5 மி.மீ. எத்தனையோ வண்டிக்குப் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். நடுவில் போட ரிங் என்று பிளாஸ்டிக் வளையம் ஒன்றை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்கவே வேண்டாம்.

களுவாஞ்சிக்குடி:
காக்கா, அங்கேதான் எனக்குப் பிரச்சினை. ஃபிட் சில்லின் நடு ஓட்டை 56.1 மி.மீ., அது ஏறி உட்காரும் கொரோலா ஹப்பின் நடு மேடு 54.1. இரண்டு மி.மீ. ஆட்டம் இருக்கிறதே, அதை யார் பிடிப்பது?

லேத் காக்கா:
நட் பிடிக்கும் தம்பி. பாரம் நிற்பது நட் இறுக்கத்திலும் சில்லு ஹப் முகத்தோடு ஒட்டி அழுத்துவதிலும்தான், ஒரு பிளாஸ்டிக் வளையமா காரைத் தூக்கப் போகிறது?

களுவாஞ்சிக்குடி:
தூக்கும் என்று நான் சொல்லவே இல்லையே. பூட்டும்போது சில்லை நடுவில் நிறுத்துவதுதான் ரிங்கின் வேலை. அது இல்லாமல், ஜாக்கை இறக்கிவிட்டு ஒரு பக்கத்து நட்டை மட்டும் காற்றுக் கன்னால் அடித்து இறுக்கினால் சில்லு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துவிடும், 80 தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கும். அப்புறம் ஆள் பேலன்சிங் கடைக்கு ஓடுவார். அந்த மெஷின் சில்லை நடு ஓட்டையில் கூம்பு வைத்துத்தான் பிடிக்கிறது, ஆகவே அங்கே எல்லாம் பூச்சியம் காட்டும், வண்டியில் பூட்டினால் மறுபடி அதே நடுக்கம். ஈயம் ஒட்டி ஒட்டியே காசு போகும். 56.1க்கு 54.1 அலுமினிய ரிங் நாலு வாங்கினால் கதை முடிந்தது.

லேத் காக்கா:
ஜாக்கில் தூக்கிவைத்து, எதிரெதிர் நட்டாகக் கையால் இறுக்கிவிட்டு இறக்கினால் ரிங் இல்லாமலும் நடுவில்தான் நிற்கும். வேலை தெரியாதவனுக்குத்தான் ரிங். சரி, உங்கள் ஆசைக்குப் போடுங்கள், கெடுதல் இல்லை.

கொக்கட்டிச்சோலை:
ரிங்குக்குச் சண்டை பிடிக்கிறீர்கள், நட்டின் அடியை ஒருவரும் பார்க்கவில்லை! ஹொண்டா ஒரிஜினல் அலோயில் நட் உட்காரும் குழி உருண்டை. கொரோலா இரும்பு ரிம்மின் நட் கூம்பு. கூம்பு நட்டை உருண்டைக் குழியில் போட்டால் மெல்லிய ஒரு வளையத்தில்தான் தொடும், இறுக்கம் நிற்காது. மாமா சொன்னது நடப்பதென்றால் இதனால்தான் நடக்கும். புரி ஒன்றுதானே, ஏறாவூர்க்காரரிடம் ஃபிட்டின் நட்டையும் சேர்த்துக் கேளுங்கள். டிக்கியில் உள்ள ஸ்பெயார் இரும்பு ரிம் என்றால் பழைய கூம்பு நட் நாலையும் அதோடேயே போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் மகா ஓயாப் பக்கம் இரவில் காற்றுப் போனால் ஸ்பெயார் இருந்தும் சரியாகப் பூட்ட நட் இருக்காது.

லேத் காக்கா:
இது நல்ல கதை. நட் விஷயத்தில் நானும் அந்தப் பக்கம்தான்.

தம்பிலுவில் வேகன்ஆர்:
அப்படியென்றால் என் வேகன் ஆருக்கும் அதே ஃபிட் சில்லும் நட்டும் போகுமா? இதுவும் 4×100 தானே.

கொக்கட்டிச்சோலை:
நட் போகாது. சுசுகி, நிசானுக்குப் புரி 1.25. ஹொண்டா நட் ஓரிரண்டு சுற்றுப் போய் இறுகும், கடைப் பையன் கன்னை வைத்தால் ஸ்டட்டின் புரி அழிந்துவிடும். 1.25 புரியில் உருண்டை அடி நட் தேடிப் பிடித்தால் மட்டும் யோசியுங்கள்.

அக்கரைப்பற்று ஃபிட்:
என்னிடம் ஃபிட், கிடைப்பது டொயோட்டா அலோய். மறுபக்கமாக யோசித்தால்?

களுவாஞ்சிக்குடி:
54.1 ஓட்டை 56.1 ஹப்பில் ஏறவே ஏறாது.

லேத் காக்கா:
லேத்தில் கடைந்தால் ஏறும். பக்கத்துக்கு ஒரு மி.மீ. தானே?

களுவாஞ்சிக்குடி:
நடு பிசகாமல் கடைய உங்களால் முடியும் காக்கா, எல்லா லேத்திலும் முடியுமா? 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது தொடங்கிய ஒட்டு வேலையெல்லாம் 2025இல் திறந்த பிறகும் விடவில்லை. கடைந்த சில்லை நான் வாங்க மாட்டேன்.

லேத் காக்கா:
வாங்காதீர்கள், விற்க நான் வரவில்லை. ஒழுங்காகச் சக்கில் பிடித்தால் பிசகாது.

கல்லடி 121:
சரி, ரிங்கும் நட்டும் எடுக்கிறேன். டயர் அப்படியே இருக்கட்டுமா?

கொக்கட்டிச்சோலை:
வேண்டாம். உங்கள் பழைய டயரின் விட்டம் ஏறக்குறைய 601 மி.மீ., 185/55 ஆர்15 வந்தால் 585. கார் 8 மி.மீ. பதியும், ஸ்பீடு மீட்டர் உண்மை வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். அதைவிட முக்கியம் பாரம்: அந்த டயரில் பாரக் குறி 82 என்றிருக்கும், ஒன்றுக்கு 475 கிலோ, பழையதில் 84 என்றால் 500. குடும்பத்தோடு சாமான் ஏற்றி மகியங்கனைப் பதினெட்டு வளைவு ஏறுகிற கார் அது. 185/60 ஆர்15 எடுங்கள், 603 மி.மீ., பாரமும் 84. டயருக்குப் பணம் இப்போது இல்லையென்றால் அலோயை மட்டும் வாங்கி வையுங்கள்.

லேத் காக்கா:
டயரோடு விலை பேச வேண்டாம், அலோய்க்கும் நட்டுக்கும் மட்டும் பேசுங்கள். பூட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் இறுக்கத்தை அளக்கும் டோர்க் ரென்ச்சால் 103 நியூட்டன் மீட்டருக்கு ஒருதரம் பாருங்கள், கன்னால் வேண்டாம்.